கூதிரும் கூரையும்
(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் குளிர். குளிர்காலத்தில் ஓர் ஏழை வீடு தன்னைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பேசலாமா என்று நேயர்களிற் சிலர் புன்னகை செய்யக்கூடும். பனிமழை பொழியும் நாடுகளுக்கல்லவா இந்தப் பேச்சு என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

தை மாதத்து இரவுகளில் குடாநாட்டின் சராசரி வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். சில இரவுகளில் அது 20 பாகைக்குக் கீழே இறங்குவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டியில், குளிர்காலத்தில் வீட்டின் உள்ளே குறைந்தது 18 பாகையாவது இருக்கவேண்டும் என்கிறது. எங்கள் உறவினர் பலர் குடியேறியுள்ள ரொறன்ரோ மாநகரின் விதிப்படி, வாடகை வீட்டுச் சொந்தக்காரர் குளிர்மாதங்களில் வீட்டுக்குள் 21 பாகை வெப்பத்தைக் கொடுத்தாகவேண்டும். அப்படியானால், எங்கள் தைமாதத்து வெளிமுற்றம் அந்த மாநகரச் சட்டம் கேட்கும் உள்ளறையிலும் பார்க்க ஒரு பாகை சூடானது!

இப்படியிருந்தும் மார்கழி விடியலில் எங்கள் கிழவர்கள் நடுங்குகிறார்கள். குழந்தைகள் சாக்குக்குள் புகுந்து சுருண்டு கொள்கிறார்கள். வெப்பமானி சொல்லும் இலக்கத்துக்கும் உடம்பு சொல்லும் சேதிக்கும் இடையில் இத்தனை தூரம் ஏன்? இதற்கு விடை தேடினால் எங்கள் குளிரின் சுபாவம் புரிந்துவிடும்.

எங்கள் குளிர் ஈரத்தோடு வருவது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை குடாநாட்டின் ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டித் தீர்க்கின்றது. கூடவே வடக்கிலிருந்து வாடை வீசுகின்றது. நனைந்த சேலையில், நனைந்த தலைமயிரில், நனைந்த மண்சுவரில் உள்ள நீர் காற்றில் உலரும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தை உடம்பிலிருந்தும் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப்போல இது ஏழு மடங்குக்கும் அதிகம். நனைந்த துணியோடு வாடையில் நிற்பவன் தன் உடம்பை அடுப்பாக்கி அந்தத் துணியைக் காயவைக்கிறான் என்பதே இதன் பொருள். அந்த அடுப்புக்கு விறகு சோறு. சோறு இல்லாத வயிற்றில் அடுப்பு அணைந்துபோகிறது.

ஆக, ஈரம், காற்று, பசி என்ற மூன்றும் சேர்ந்ததே எங்கள் ஊர்க் குளிர். இந்த மூன்றையும் தடுக்கத் தெரிந்த வீடு பெருஞ்செலவில்லாமலே கதகதப்பாக இருக்கும். எங்கள் பழம் புலவர்களும் இதனை நன்றாக அறிந்திருந்தார்கள்.

தமிழர் ஆண்டினை ஆறு பொழுதாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆறிலே மூன்று, அதாவது பாதி ஆண்டு, குளிரின் பெயரால் வழங்குகின்றது! வெப்ப நாட்டு மக்கள் குளிரை இத்தனை நுணுக்கமாக ஏன் அளந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

பத்துப்பாட்டிலே நெடுநல்வாடை என்று ஒரு பாட்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது, 188 அடிகள் கொண்டது. குளிர்காலத்து வீட்டைப் பற்றிய முதற் பாடநூல் என்று இதனை நான் துணிந்து சொல்வேன். பாட்டு எங்கே தொடங்குகிறது தெரியுமா? அரண்மனையில் அன்று. வெள்ளம் புகுந்த நிலத்தைவிட்டு மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச்சென்ற ஆயர்களிடம் தொடங்குகின்றது. அவர்கள் மழையில் நனைந்து, நெருப்பிலே கைகாட்டிக் குளிர்காய்ந்தும் நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. கறவைப்பசு பால் குடிக்கவந்த கன்றையே உதைக்கின்றது. முதலில் வெளியில் நிற்கும் உயிர்களைக் காட்டிவிட்டுத்தான் புலவர் எங்களை ஊருக்குள் அழைத்துச் செல்கிறார்.

ஊருக்குள் செல்வர் மனைகள். அங்கே ஒவ்வொரு பொருளும் பருவத்துக்கேற்ப இடம் மாறியிருக்கின்றது. கோடையில் வீசிய விசிறி மாட்டிய இடத்திலே தொங்க, அதில் சிலந்தி கூடு கட்டிவிட்டது. சந்தனம் அரைக்கும் கல் வேலையற்றுக் கிடக்கின்றது. கூந்தலுக்குப் பூவைவிட அகிற்புகை வேண்டியிருக்கின்றது. மாடத்து யன்னற் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. குறுகிய வாயுள்ள குடத்துத் தண்ணீரை எவரும் நாடவில்லை. அகன்ற வாயையுடைய தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சூழ்ந்து இருக்கிறார்கள். யாழின் நரம்புகூடக் குளிரில் நெகிழ்ந்துவிட, ஆடல்மகளிர் தம் மார்பின் வெம்மையில் அதைத் தடவி இசை கூட்டுகிறார்கள்.

இவற்றிலே பணம் செலவழிந்த காரியம் எத்தனை? அகிலையும் மாடத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சுபவை சாதாரணமானவை: காற்று வரும் கதவை மூடு, ஓரிடத்தில் கூடியிரு, ஆறிய நீரைத் தவிர், நெருப்பை நடுவில் வை. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள இந்தச் சிக்கனம் இன்றைக்கும் செல்லுபடியாகின்றது. முழு வீட்டையும் சூடாக்க முனைபவன் விறகை இழப்பான். ஓர் அறையைச் சூடாக்கி அதில் எல்லோரையும் இருத்துபவன் பிழைத்துக்கொள்வான். 1990 இன் பின் மின்சாரமும் மண்ணெண்ணெயும் அற்றுப்போன ஆண்டுகளில், ஜாம் போத்தலில் எரிந்த ஒரு சிறு விளக்கைச் சுற்றி யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் இருந்தனவே, அது வெளிச்சத்துக்கான கூட்டம் மட்டுமல்ல. மாரி இரவுகளில் உடம்போடு உடம்பு அணைந்து கிடந்த கணகணப்பும் அதில் இருந்தது.

இனி, செல்வர் மனையை விட்டு ஏழையின் வீட்டுக்கு வருவோம். சத்திமுத்தப் புலவர் என்று ஒருவர். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள சத்திமுத்தம் அவர் ஊர். வறுமை அவரை மதுரைக்குத் துரத்தியது. அங்கே மேலாடைக்கு வழியின்றி வாடையில் கிடந்து, வானத்திற் பறந்த நாரையைக் கூப்பிட்டு மனைவிக்குச் சேதி சொல்லியனுப்புகிறார். கைகளால் உடம்பைப் போர்த்து, கால்களை மடக்கி அணைத்து, பெட்டிக்குள் அடைபட்ட பாம்பைப்போல மூச்சுவிட்டுக் கொண்டிருக்கும் ஓர் ஏழையைக் கண்டோம் என்று சொல் என்கிறார்.

இந்தப் பாட்டில் பலரும் புலவரின் நடுக்கத்தையே எடுத்துப் பேசுவார்கள். நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது அவருடைய வீட்டின் மீது. மனைவி இருக்கும் வீட்டின் சுவர் நனைந்த சுவர். அந்தச் சுவருக்கு மேலே ஒரு கூரை, அங்கே பல்லி. அதன் குரலில் நற்சகுனம் உண்டா என்று பார்த்திருக்கிறாள் அவள். வேறெதையும் புலவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கூரை ஒழுகுவதால்தான் சுவர் நனைகிறது. சுவர் நனைவதால்தான் வீடு குளிர்கிறது. ஆண்மகன் ஊரில் இல்லாதபடியால் கூரை வேயப்படவில்லை. ஒரு குடும்பத்தின் முழுக் கதையையும் 'நனைந்த சுவர்' என்ற ஒரு குறிப்பில் அடக்கிவிட்டார். தெருவில் கிடப்பவன் தன் குளிரோடு, தூரத்திலுள்ள வீட்டின் குளிரையும் சேர்த்தே நடுங்குகிறான்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாரையின் கூரிய அலகுக்கு அவர் சொன்ன உவமை பிளந்த பனங்கிழங்கு! யாழ்ப்பாணத்தார் இந்த உவமையை அகராதி பார்க்காமலே விளங்கிக்கொள்வார்கள். பனங்கிழங்கு கிண்டுவது குளிர்காலத்தில். பசித்தவனின் கண்ணுக்கு, பறக்கும் பறவையின் அலகுகூட அந்தப் பருவத்து ஏழை உணவாகவே தோன்றியிருக்கிறது.

நேயர்களே, பனையின் பேச்சு வந்தபடியால் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தாலவிலாசம் என்று பனைக்கென ஒரு நூலே பாடினார். அந்தப் பனைதான் எங்கள் பழைய வீட்டின் குளிர்காப்பு.

பழைய மண்வீட்டை எண்ணிப் பாருங்கள். தடித்த மண்சுவர். அது பகல் வெயிலை மெல்ல வாங்கி, இரவில் மெல்லக் கொடுக்கும். மேலே பனையோலைக் கூரை. ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் அகப்பட்ட காற்று கம்பளியின் வேலையைச் செய்யும். கூரையின் விளிம்பு மிகத் தாழ்ந்திருக்கும். உள்ளே போகிறவர் தலை குனிந்தே போகவேண்டும். அந்தத் தாழ்வாரந்தான் சுவரைச் சாரலில் நனையாமற் காத்தது. உயர்த்திய திண்ணையும் சாணத்தால் மெழுகிய நிலமும் வெள்ள ஈரத்தைத் தடுத்தன. வாசல் சிறிது, யன்னல் அதனிலும் சிறிது. இவையெல்லாம் அறியாமை, நாகரிகமின்மை என்று ஒரு தலைமுறை எண்ணியது. ஆனால் சத்திமுத்தப் புலவரின் நனைந்த சுவருக்கு இந்த வீடுதான் விடை.

வேலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து வேலி மனத்துக்கும் மனத்துக்கும் இடையிலுள்ள தடை என்று எழுத்தாளர் பலர் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் உண்மை உண்டு. ஆனாலும் கிளுவையும் பூவரசும் நட்டு, பனையோலையால் ஆளுயரத்துக்கு மேல் அடைத்த வேலி, தட்டையான இந்த நிலத்தில் வாடையின் வேகத்தை முறிக்கும் அரணாகவும் இருந்தது. மதிற் சுவரும் காற்றை மறிக்கும். ஆனால் அதன்மேல் ஏறிப் பாயும் காற்று மறுபுறத்தில் சுழன்று அடிக்கும். ஓலைவேலி காற்றைச் சல்லடைபோல வடித்து விடும்.

இவற்றையெல்லாம் மழைக்கு முன்பே செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. மாரி தொடங்குமுன் ஓலை வெட்டி, மிதித்து, வீடு வேய்ந்து முடிப்பது ஊர் வழக்கம். ஒரு வீட்டு வேய்ச்சலுக்கு அயலார் கூடுவார்கள். கூலி பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாடும் அடுத்த வீட்டு வேய்ச்சலுக்கு வருவேன் என்ற சொல்லுந்தான். குளிர் காப்பதற்கான மலிவான வழி, குளிர் வருமுன் கூரைமேல் ஏறுவது. வந்தபின் போர்வை தேடுபவன் இரட்டிப்புச் செலவு செய்கிறான்.

வீட்டைப் போலவே வயிற்றுக்கும் பனை பொறுப்பேற்றது. ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் அடுக்கினால், பனிக்காலத்தில் கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவிலே மீனும் நண்டும் பயிற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் இட்டு, செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்துக் காய்ச்சிய கூழை, பிலாவிலையில் கோலிக் குடித்தவருக்கு நெருப்புச்சட்டி வேண்டியதில்லை. பாத்தியில் எஞ்சிய ஊமல் நல்ல எரிபொருள். கங்குமட்டையும் பன்னாடையும் காவோலையும் அடுப்புக்கு. வேர்க்கொம்பும் மல்லியும் மிளகும் இடித்த கோப்பியும் ஒரு கடி பனங்கட்டியும் விடியற்காலைக்கு. திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இருளில் வீதிவலம் வந்தவர்களின் தொண்டையைக் காத்தது அந்தக் கோப்பிதான்.

சரி, இவை பழங்கதை. இன்று சீமெந்து வீட்டிலும் தகரக் கொட்டிலிலும் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். செலவில்லாத சில வழிகளைச் சொல்கிறேன். தகரம் பகலின் வெப்பத்தை இரவில் வைத்திருக்காது. அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகாலோ ஓலைப்பாயாலோ ஒரு தட்டி கட்டினால் இரவுக் குளிரும் குறையும், கோடை வெயிலும் குறையும். அடுப்பு அந்தத் தட்டிக்குக் கீழே மட்டும் வேண்டாம். வடக்கு யன்னலை மாலையிலேயே மூடுங்கள். தெற்கில் ஒன்றைச் சிறிது திறந்து வையுங்கள். கதவின் அடியில் பழஞ்சேலையைச் சுருட்டி வையுங்கள். சீமெந்து நிலத்தில் வெறும் பாயில் படுக்கவேண்டாம். பாயின் கீழே சாக்கோ வைக்கோலோ இருக்கட்டும். மேலே போர்ப்பதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். நனைந்த உடுப்பைப் படுக்கும் அறைக்குள் உலர்த்தாதீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் நிலத்து ஈரம் குறையும். குழந்தையின் குளிப்புக்கு நீரை நண்பகல் வெயிலில் வாளியில் வைத்தால் விறகு மிச்சம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நெடுநல்வாடையின் தடவை நினைத்துக்கொண்டு, கரி நெருப்பைப் பூட்டிய அறைக்குள் வைத்து எவரும் உறங்கக்கூடாது. ஓலைக்கூரையின் இடுக்குகள் வழியே புகை போய்விடும். சீமெந்து அறைக்கு அந்த மூச்சுவழி இல்லை. கரி எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். எங்கள் உறவினர் வாழும் குளிர்நாடுகளிலும் இவ்வகை மரணங்கள் நேர்கின்றன. நெருப்பின் முன்னே குளிர்காயுங்கள். உறங்குமுன் அதை வெளியில் எடுத்துவிடுங்கள்.

இதுவரை கூரையுள்ளவர்களைப் பற்றிப் பேசினேன். கூரையில்லாத குளிரை யாழ்ப்பாணம் மறக்கமுடியாது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். அது ஐப்பசி, கூதிர்க் காலம். நாவற்குழிப் பாலத்தில் நின்றவர்கள் எத்தனை பாகை குளிர் என்று கேட்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கைவிட்டு இடம்பெயர்ந்தவர்களிற் சிலர் 2015 ஆம் ஆண்டிலும் நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். இருபத்தைந்து கூதிர்! சொந்தக் காணியின் பனையில் ஓலை வெட்ட முடியாதவனுக்கு வேய்ச்சல் ஏது? போர் நடந்த ஆண்டுகளில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாகத் தறிக்கப்பட்ட பனைகளோடு எத்தனை கூரைகளும் வேலிகளும் போயின என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

2022 மார்கழியில், மண்டூஸ் புயலின் குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஒரே வேளையில் விறைத்து மாண்டன. நக்கீரர் பாட்டு மேய்ச்சல் மறந்த விலங்குகளில் தொடங்குவது வெறும் கற்பனையன்று என்பதை அந்த நாள் காட்டிற்று. பட்டிக்கு ஒரு கூரையும் காற்று மறைப்பும் இருந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

கடைசியாக ஒரு குளிரைச் சொல்லி முடிக்கிறேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாமெல்லாரும் அறிவோம். குளிரில் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்த வள்ளல். ஆனால் புறநானூற்றிலே கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அதே பேகனிடம் வேறொரு பரிசு கேட்டு நிற்கிறார்கள். அவன் பிரிந்திருந்த மனைவி கண்ணகி வீட்டிலே தனித்து வாடுகிறாள்; பொன்னும் பொருளும் எங்களுக்கு வேண்டாம், நீ அவளிடம் போ என்பதே அவர்கள் கேட்ட பரிசு. மயிலின் குளிர் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. தன் வீட்டின் குளிர் தெரியவில்லை.

இன்று எங்கள் ஊர்களில் பெரிய சீமெந்து வீடுகள் பல உண்டு. வெளிநாட்டுக் காசில் கட்டியவை. அவற்றுள் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். அங்கே ஒரு முதிய தாயோ தகப்பனோ தனித்திருப்பார். பிள்ளைகள் அனுப்பிய கம்பளிச் சட்டை அலுமாரியில் மடித்தபடி இருக்கும். மனமில்லாதவர்கள் என்று அந்தப் பிள்ளைகளை நான் குறைசொல்ல வரவில்லை. போர் அவர்களைச் சத்திமுத்தப் புலவர் போலத் தூரத்துக்குத் துரத்தியது. அவர்களும் அங்கிருந்து இந்த வீட்டின் குளிரையும் சேர்த்தே சுமக்கிறார்கள். ஆனால் வேலிக்கு இப்பால் இருக்கும் நாங்கள் நாரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சுவரிலே இருந்தால் அது குளிர். நெஞ்சிலே இருந்தால் அது அன்பு. அடுத்த கூதிருக்கு முன்னர், அயலிலே தனித்திருப்பவரின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஒழுக்கு இருந்தால் இரண்டு ஓலை செருகிக் கொடுங்கள். அன்று காய்ச்சிய கூழில் ஒரு செம்பும் கொண்டுபோங்கள்.